அப்பாவின் கடிதங்களையும் பழைய படங்களையும் எந்தக் கோப்பு வடிவில் சேமிப்பது?

பெற்றோர் இருவரும் மறைந்தபின் அவர்கள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்யும் பொறுப்பை ஏற்றிருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு இரும்புப் பெட்டியில் ஏறக்குறைய அறுநூறு புகைப்படங்கள், படங்கள் பசைப் பக்கங்களில் ஒட்டிப்போன இரண்டு ஆல்பங்கள், கொஞ்சம் நெகட்டிவ்கள், அப்பா வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள், வீட்டுப் பத்திரங்கள், சான்றிதழ்கள், கட்டுக்கட்டாக ரசீதுகள் ஆகியவை இருக்கின்றன. வாசகி ஒரு ஸ்கேனர் வாங்கி, இதுவரை இருநூறு படங்களை 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) அளவில் ஜேபெக் (JPEG) கோப்புகளாகவும், கடிதங்களில் ஒரு பகுதியை, இடத்தை மிச்சப்படுத்த, கறுப்பு வெள்ளை பிடிஎஃப் கோப்புகளாகவும் சேமித்திருக்கிறார். எல்லாம் ஒரே பென் டிரைவில் இருக்கின்றன.

இதற்கிடையில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. ஜேபெக் கோப்பைத் திறக்கத் திறக்கத் தரம் தேய்ந்துகொண்டே போகும் என்கிறார் அண்ணன். எல்லாவற்றையும் 1200 டிபிஐ-யில் எடுத்து டிஃப் (TIFF) என்ற இன்னொரு பட வடிவில் வைக்க வேண்டும், ஏற்கெனவே எடுத்த ஜேபெக்குகளையும் டிஃப் ஆக மாற்றிவிட்டால் தரம் கூடிவிடும் என்கிறார் அக்கா மகன். ஸ்கேன் முடிந்ததும் காகிதங்களை அப்புறப்படுத்திவிடலாம், புதுவீட்டில் இடமில்லை என்கிறார் தம்பி. மங்கிய முகங்களைத் தெளிவாக்கும் செயலி ஒன்றையும் உறவினர் யாரோ பரிந்துரைத்திருக்கிறார். “யார் சொல்வதைக் கேட்பது? எந்த வடிவம்தான் நிலைக்கும்?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலைப் படித்து முடித்து, உடன்பிறந்தவர்களோடு பேசி முடிக்கும்வரை ஒரு காகிதத்தைக்கூட வெளியேற்ற வேண்டாம். ஸ்கேன் செய்வதில் நேரும் எந்தப் பிழையையும் மூலம் கையில் இருக்கும்வரை திருத்திக்கொள்ளலாம். மூலம் போனபின் கண்டுபிடிக்கப்படும் பிழை நிரந்தரமானது. நீங்கள் இதுவரை செய்தவற்றில் சிலவற்றை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கிறது என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

“எந்த வடிவம்” என்ற உங்கள் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாததற்குக் காரணம், நீங்கள் ஒரே கோப்பிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்ப்பதுதான். காலங்காலமாகக் காக்க வேண்டிய படி ஒன்று. பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பவும், கைபேசியில் பார்க்கவும், அச்சிடவும் உதவும் படி இன்னொன்று. ஆவணக் காப்பகங்களில் முன்னதை மூலக்கோப்பு என்றும் பின்னதைப் பயன்பாட்டுப் படி என்றும் பிரித்துவைப்பது வழக்கம். மூலக்கோப்பை ஒருமுறை உருவாக்கியபின் யாரும் தொடக்கூடாது. வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, சிறிதாக்குவது எல்லாம் பயன்பாட்டுப் படியில் மட்டுமே. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டில் நடக்கும் விவாதங்களில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

ஜேபெக் தேயுமா?

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1992-இல் தரநிலையாக வந்த ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களை விட்டுவிட்டு, மீதியைச் சுருக்கி எழுதுகிறது. அந்த இழப்பு, கோப்பை எழுதும் நேரத்தில் நேர்வது. எழுதி முடித்த ஜேபெக்கை ஆயிரம் முறை திறந்து பார்த்தாலும், வேறொரு வட்டுக்கு நகலெடுத்தாலும், மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாலும் அதில் ஒரு துளியும் மாறாது. திறந்து, ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைக் கூட்டி, அதே கோப்பின் மேல் மறுபடி சேமித்தால் சுருக்கம் மறுபடி நடக்கிறது, மறுபடி இழப்பு. சில மென்பொருள்களில் படத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சேமிப்பதுகூட இவ்வாறான மறுசேமிப்பாகிவிடும். ஆகவே, பார்ப்பதற்கு அஞ்ச வேண்டாம். திருத்திச் சேமிப்பதற்கு அஞ்சுங்கள்.

அக்கா மகனின் யோசனை இதன் மறுபுறம். ஜேபெக் ஒருமுறை விட்டுவிட்ட விவரத்தை டிஃப் ஆக மாற்றுவதால் மீட்க முடியாது. கோப்பின் அளவு பல மடங்கு பெருகும், படம் அப்படியே இருக்கும். ஒரு ஜேபெக்கில் நீண்ட நேரம் திருத்தவேலை செய்யப்போகிறீர்கள் என்றால், வேலை முடியும்வரை அதை டிஃப் ஆக வைத்திருப்பதில் பயன் உண்டு, மேற்கொண்டு இழப்பு சேராது என்பதால். தரத்தைக் கூட்டுவதற்காக மாற்றுவதில் எந்தப் பயனும் இல்லை.

உங்கள் இருநூறு படங்களின் உண்மையான குறை ஜேபெக்கில் இல்லை, 200 டிபிஐ-யில் இருக்கிறது. நான்குக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றை 200 டிபிஐ-யில் எடுத்தால் 800-க்கு 1200 புள்ளிகள், அதாவது பத்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவான புள்ளிகள் கிடைக்கும். அதே படத்தை 600 டிபிஐ-யில் எடுத்தால் 2400-க்கு 3600, ஏறத்தாழ 86 லட்சம் புள்ளிகள். குழுப்படத்தின் பின்வரிசையில் நிற்கும் ஒருவரின் முகம் முதல் கோப்பில் ஒரு கறையாகத்தான் தெரியும். இரண்டாவதில் மூக்கும் கண்ணும் பிரிந்து தெரியக்கூடும். இருநூறையும் மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒரே நிகழ்ச்சியில் எடுத்த ஒரேபோன்ற படங்களை விட்டுவிடுங்கள். குழுப்படங்களையும், மறைந்தவர்களின் ஒரே படமாக எஞ்சியிருப்பவற்றையும், பெரிதாக அச்சிட விரும்புபவற்றையும் மட்டும் தேர்ந்து மறுபடி எடுங்கள்.

எவ்வளவு டிபிஐ, என்ன நிறம்

அதற்காக 1200 டிபிஐ-க்குத் தாவ வேண்டியதில்லை. காகிதத்தில் அச்சான சாதாரணப் புகைப்படத்தில் 300 முதல் 600 டிபிஐ வரை பிடிக்கக்கூடிய விவரம்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதற்கு மேல் போனால் காகிதத்தின் இழையையும் தூசியையும்தான் இன்னும் துல்லியமாகப் பதிவு செய்வீர்கள். டிபிஐ இரட்டிப்பானால் கோப்பு நான்கு மடங்காகும்: முன்சொன்ன படம் 600-இல் சுருக்கமின்றி ஏறத்தாழ 26 எம்பி, 1200-இல் ஏறத்தாழ 104 எம்பி. இதற்கு விதிவிலக்கு, உள்ளங்கைக்குள் அடங்கும் மிகச் சிறிய பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் சில, பெரிய நெகட்டிவின் மேல் நேரடியாகக் காகிதத்தை வைத்து, பெரிதாக்காமல் அச்சிட்டவை. வியக்கத்தக்க நுணுக்கம் அவற்றில் ஒளிந்திருக்கும். அவற்றுக்கு 1200 தகும்.

நெகட்டிவ் வேறு கணக்கு. 35 மில்லிமீட்டர் நெகட்டிவின் ஒரு சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர்தான் என்பதால் 3000 முதல் 4000 டிபிஐ வரை தேவைப்படும். மூடியில் தனி விளக்கு இல்லாத தட்டை ஸ்கேனரில் நெகட்டிவை எடுக்கவே முடியாது. உங்கள் ஸ்கேனரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணை நம்ப வேண்டாம். அதில் பெரும்பகுதி மென்பொருள் இடைச்செருகிய புள்ளிகளாக இருக்கலாம். விவரக்குறிப்பில் “ஒளியியல் தெளிவுத்திறன்” என்று தனியே தரப்படும் எண்தான் மெய்யானது. தூசியை அகச்சிவப்பு ஒளியால் நீக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. அது வண்ண நெகட்டிவுக்கு நன்றாக வேலை செய்யும். வழக்கமான கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது என்பதால், படத்தையும் தூசியாக எண்ணிச் சிதைத்துவிடும். அங்கே அதை அணைத்துவிடுங்கள்.

கடிதங்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: கறுப்பு வெள்ளையில் எடுத்தவற்றை மறுபடி எடுங்கள். அந்த முறையில் ஸ்கேனர் ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்றாகத் தீர்மானித்துவிடுகிறது. இடைநிறம் என்பதே இல்லை. அப்பா பென்சிலில் ஓரத்தில் எழுதிய ஒரு வரி, மங்கிய அஞ்சல் முத்திரையின் தேதி, அடித்துவிட்டு மேலே எழுதிய சொல்லின் கீழே இன்னமும் படிக்கக்கூடிய பழைய சொல், மை ஊறிய தடம் இவையெல்லாம் அந்தத் தீர்மானத்தில் காணாமல் போகும். இடம் மிச்சமாவது உண்மைதான். ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐ-யில் வண்ணத்தில் சுருக்கமின்றி 26 எம்பி, சாம்பல் நிறத்தில் 9 எம்பிக்குச் சற்றுக் குறைவு, கறுப்பு வெள்ளையில் ஒரு எம்பியை ஒட்டி வரும். ஆனால் அந்த மிச்சத்துக்காக இழப்பது உங்கள் அப்பாவின் கையெழுத்தின் அழுத்தத்தையும் தயக்கத்தையும். கடிதங்களுக்கு 300 டிபிஐ, வண்ணம். எழுத்து மிகப் பொடியாக இருந்தால் 400. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களையும் வண்ணத்திலேயே எடுங்கள். பழுப்பேறிய சாயலும், கையால் பூசிய வண்ணமும், பின்னாளில் யாரோ மையால் எழுதிய குறிப்பும் அப்போதுதான் பதிவாகும்.

பத்திரங்கள், மதிப்பெண் சான்றிதழ்கள் போன்ற எண்கள் நிறைந்த ஆவணங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில அலுவலகக் கருவிகள் ஸ்கேன் செய்த பக்கங்களில் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். 6 இருந்த இடத்தில் 8 வந்திருந்தது. ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, ஒரேமாதிரி தோன்றும் எழுத்துருவங்களை ஒன்றாகக் கருதி ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம். பக்கம் பார்க்கப் பளிச்சென்று இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. அந்தக் குறையை நிறுவனம் பின்னர் சரிசெய்தது. ஆனாலும் “மிகச் சிறிய பிடிஎஃப்” என்பது போன்ற தேர்வை முக்கிய ஆவணங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். சர்வே எண், தொகை, தேதி ஆகியவற்றை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேமிக்கும் வடிவம்

புகைப்படங்களின் மூலக்கோப்புக்கு டிஃப் நல்ல தேர்வு. 1986-இல் ஆல்டஸ் நிறுவனம் உருவாக்கி, 1992-இல் ஆறாம் பதிப்போடு நிலைபெற்ற இந்த வடிவத்தை இன்றும் ஏறத்தாழ எல்லாப் படத்திருத்த மென்பொருள்களும் படிக்கின்றன. ஆவணக் காப்பகங்களும் நூலகங்களும் நெடுங்காலமாக நம்பிவருவதும் இதைத்தான். சேமிக்கும்போது எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கத்தைத் தேர்ந்தால் எந்த விவரமும் இழக்காமல் அளவு ஓரளவு குறையும். டிஃப் என்ற பெயரிலேயே உள்ளே ஜேபெக் சுருக்கத்தை வைக்கும் தேர்வும் சில மென்பொருள்களில் உண்டு என்பதால், பெயரை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். உங்கள் ஸ்கேனர் டிஃப் தராவிட்டால் பிஎன்ஜி ஏற்கத்தக்கது. 1996-இல் வந்த அந்த வடிவமும் இழப்பில்லாததுதான். இணைய உலாவியிலேயே திறக்கும்.

இரண்டும் இல்லை, ஜேபெக் மட்டும்தான் என்றால், தரத்தை உச்சத்தில் வைத்து ஜேபெக்கிலேயே எடுங்கள்; அதன்பின் அந்தக் கோப்பைத் திருத்தாதீர்கள். இதை மனமாரச் சொல்கிறேன். அறுபது படங்களை டிஃப் வடிவில் குறையின்றி முடித்துவிட்டு அலுத்துப்போய் நிறுத்துவதைவிட, அறுநூறையும் நல்ல ஜேபெக்கில் முடிப்பது குடும்பத்துக்குப் பெரிய நன்மை. இடத்தைப் பற்றிய அச்சமும் தேவையற்றது: நான்குக்கு ஆறு அளவில் அறுநூறு படங்கள் 600 டிபிஐ-யில் சுருக்கமில்லா டிஃப் ஆக இருந்தாலும் மொத்தம் 16 ஜிபிக்குள் அடங்கிவிடும். உங்களிடம் அரிதாக இருப்பது நேரமும் பொறுமையும்தான். வடிவத்தைத் தேர்வதில் கணக்கிட வேண்டியதும் அவற்றைத்தான்.

கடிதங்களுக்கும் பல பக்க ஆவணங்களுக்கும் பிடிஎஃப் வசதியானது. பக்கங்கள் வரிசை மாறாமல் ஒரே கோப்பில் இருக்கும். ஆனால் பிடிஎஃப் ஓர் உறை போன்றது. உள்ளே இருக்கும் பக்கப்படம் எவ்வளவு சுருக்கப்பட்டது என்பதை உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பிடிஎஃப் என்றால் தரமானது என்றோ தரமற்றது என்றோ பொதுவாகக் கூற இயலாது. நெடுங்காலப் பாதுகாப்புக்கென்றே பிடிஎஃப்-ஏ என்ற வகை 2005-இல் பன்னாட்டுத் தரநிலையாக வந்தது. திறப்பதற்குத் தேவையான எழுத்துருக்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது என்பன அதன் விதிகளில் சில. உங்கள் மென்பொருளில் அந்தத் தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். பூட்டு வேண்டும் என்று தோன்றும் ஆவணங்களுக்கு, கோப்பைப் பூட்டுவதைவிட அது இருக்கும் வட்டைப் பூட்டுவது நல்லது. கடவுச்சொல்லை அறிந்த ஒரே ஆள் இல்லாமல் போகும் நாளையும் எண்ணிப்பார்க்க வேண்டும் அல்லவா?

ஸ்கேனர் நிறுவனம் தன் மென்பொருளில் மட்டுமே திறக்கும்படி தரும் வடிவங்களைத் தொடவே வேண்டாம். தமிழர்களாகிய நமக்கு இந்தப் பாடம் புதிதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை இன்று அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குறிகள்தான் தெரிகின்றன. கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது. படிக்க வழிதான் கூடவே வரவில்லை. ஐபோன்கள் 2017 முதல் பயன்படுத்தும் ஹெயிக் வடிவம் திறமையானது என்றாலும் எல்லாக் கணினிகளிலும் எளிதில் திறப்பதில்லை. கைபேசியால் ஆவணங்களைப் படமெடுப்பதாக இருந்தால் அமைப்பில் ஜேபெக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எதை முதலில், எப்படி

பெட்டியின் மேலே கிடப்பதை முதலில் எடுப்பது இயல்பு. அழிவின் வேகத்தைப் பார்த்து எடுப்பது அறிவு. வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான ரசீதுகளும் பழைய தொலைநகல் தாள்களும் சில ஆண்டுகளிலேயே வெறுந்தாளாகிவிடும். வேண்டியவற்றை இந்த வாரமே எடுங்கள். அடுத்து வண்ணப்படங்கள். சாயங்களால் ஆன அவை இருட்டுப் பெட்டிக்குள்ளும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நன்கு அலசி உலர்த்திய பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் அவற்றைவிட நெடுங்காலம் தாங்குபவை, அவை காத்திருக்கலாம். வயது கூடியதைத்தான் முதலில் காக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. இங்கே அது பொருந்துவதில்லை.

ஒட்டிப்போன ஆல்பங்களில் படத்தைப் பிய்க்க முயலாதீர்கள். மேலே உள்ள மெல்லிய உறை எளிதில் விலகினால் விலக்கி, விலகாவிட்டால் அதோடு சேர்த்து, முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். எந்தப் படம் எதன் பக்கத்தில் இருந்தது, அம்மா எந்த வரிசையில் ஒட்டினார் என்பதும் ஒரு தகவல்தான். பிறகு ஒவ்வொரு படத்தையும் அந்தப் பக்கத்தில் இருந்தபடியே தனித்தனியாக 600-இல் எடுக்கலாம். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிய படம் இருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். தாள்களைத் தானாக இழுக்கும் கருவியில் பழைய படங்களையோ மடிப்பில் நைந்த கடிதங்களையோ விடாதீர்கள். தைத்துக் கட்டிய பத்திரங்களைப் பிரிக்க வேண்டாம். அவற்றை விரித்துவைத்து மேலிருந்து கைபேசியால், இருபுறமும் சமமான வெளிச்சத்தில், நேர்மேலே நின்று படமெடுப்பதே பாதுகாப்பானது. மூலங்களை லேமினேட் செய்யவே கூடாது. அந்தச் சூட்டையும் பசையையும் பின்னர் விலக்க முடியாது.

ஸ்கேனர் மென்பொருளில் தானாகக் கூர்மையாக்குவது, தானாக நிறம் திருத்துவது போன்றவற்றை மூலக்கோப்புக்கு அணைத்துவிடுங்கள். படத்தின் பின்புறத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாலும் அதையும் எடுத்து, முன்பக்கக் கோப்பின் பெயரோடு “பின்” என்று சேர்த்து அடுத்தடுத்து வையுங்கள்.

நான் கண்ட குடும்பத் தொகுப்புகளில் மிகவும் வருந்தத்தக்க குறை, தெளிவில்லாத படம் அன்று, பெயரில்லாத படம். ஸ்கேனர் கோப்புக்குள் பதியும் தேதி ஸ்கேன் செய்த நாள். படம் எடுத்த நாளை அது அறியாது. “1974-ஏறத்தாழ_திருமணம்_012” என்பது போல ஆண்டில் தொடங்கும் பெயர் வைத்தால் கோப்புகள் காலவரிசையில் தாமாகவே நிற்கும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எளிய உரைக்கோப்பு ஒன்றில் ஒருங்குறியில் எழுதி, அதே கோப்புறையில் வையுங்கள். உங்கள் அண்ணனையும் குடும்பத்து மூத்தவர்களையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டிய வேலை இது. ஸ்கேனர் அடுத்த ஆண்டும் கிடைக்கும். “இவர் யார்” என்று சொல்லக்கூடியவர் அப்போது இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. தரத்தைப் பற்றிய விவாதத்தில் செலவாகும் மாலைகளை இதற்குக் கொடுங்கள்.

முகத்தைத் தெளிவாக்கும் செயலியைப் பற்றி என் கருத்து உறுதியானது. மங்கிய படத்தில் இல்லாத விவரத்தை அது எங்கிருந்தும் மீட்பதில்லை. தான் பழகிய எண்ணற்ற முகங்களிலிருந்து பொருத்தமான ஒன்றை ஊகித்து வரைகிறது. கண்ணிமையும் பல்வரிசையும் பளிச்சென்று தெரியும், ஆனால் அவை உங்கள் பாட்டியுடையவை அல்ல. சுவரில் மாட்டுவதற்காக ஒன்றைச் செய்துகொள்ள விரும்பினால் செய்யுங்கள். பெயரிலேயே “செயலி திருத்தியது” என்று குறித்து, மூலக்கோப்புகளிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அதையே உண்மையான முகமாக நினைத்துக்கொள்ளும். படம் யாருடைய கணினிக்குப் போகிறது, அங்கே எவ்வளவு காலம் இருக்கும் என்பதையும் பதிவேற்றும் முன் படித்துப் பாருங்கள்.

காகிதங்களை அப்புறப்படுத்தலாமா?

தம்பிக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இது: ஸ்கேன் என்பது நகல். சொத்துப் பத்திரம், உயில், பிறப்பு இறப்புத் திருமணச் சான்றிதழ்கள், கல்விச் சான்றிதழ்கள், முத்திரையும் கையொப்பமும் உள்ள எதுவாயினும், தேவைப்படும் நாளில் மூலத்தையோ அதிகாரப்பூர்வமாகச் சான்றளிக்கப்பட்ட படியையோதான் பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் வீட்டில் எடுத்த கோப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மூலம் தொலைந்தால் எதைத் தேட வேண்டும் என்று காட்ட உதவுமே தவிர அதன் இடத்தை நிரப்பாது. விற்பனையோ வாரிசுரிமையோ தொடர்பான எந்தத் தாளையும் வழக்கறிஞர் ஒருவர் பார்க்காமல் கழிக்க வேண்டாம். அடையாள ஆவணங்களின் ஸ்கேன்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைப்பதையும் தவிருங்கள். ஒருவரின் கைபேசி தொலைந்தால் எல்லாரின் ஆவணங்களும் வெளியே போகும்.

கடிதங்களில் நுட்பமான ஓர் உரிமை இருக்கிறது. பல நாடுகளின் சட்டங்களில் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதில் எழுதியிருக்கும் சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருக்குப்பின் வாரிசுகளுக்கும் உரியது. குடும்பத்துக்குள் பாதுகாக்க ஸ்கேன் செய்வதில் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அவற்றை இணையத்தில் வெளியிடவோ நூலாக்கவோ எண்ணினால் உடன்பிறந்தவர்கள் எல்லாரின் இசைவும் வேண்டும். கடிதங்களில் பேசப்படும், இன்று உயிரோடிருக்கும் மனிதர்களின் அந்தரங்கத்தையும் எண்ண வேண்டும். ஸ்டுடியோவில் எடுத்த படங்களிலும் அச்சுப்படி உங்களுடையது, பதிப்புரிமை வேறொருவருடையதாக இருக்கலாம்.

ஒரே பென் டிரைவில் எல்லாவற்றையும் வைத்திருப்பது இன்று உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய ஆபத்து. வடிவத்தைப் பற்றிய எந்த முடிவையும்விட இதை முதலில் சரிசெய்யுங்கள். மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டில் என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. உங்களுக்கு அது இப்படி அமையலாம்: உங்களிடம் ஒரு ஹார்ட் டிஸ்க், அண்ணன் வீட்டில் இன்னொன்று, படங்களைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் இணையச் சேமிப்பில் மூன்றாவது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியது படி ஆகாது, அது சுருக்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமானால் “ஆவணம்” என்ற தேர்வில் அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வட்டுகளை இணைத்து, சில கோப்புகளையாவது திறந்து பாருங்கள். அக்கா மகனுக்குக் கணினியில் ஆர்வம் இருப்பதால், எல்லாக் கோப்புகளுக்கும் ஷா-256 (SHA-256) சரிபார்ப்பு எண்களை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்களை எடுத்து ஒரு பட்டியலாக வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அடுத்த ஆண்டு அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். 1200 டிபிஐ-யைவிட அவரால் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய பயனுள்ள உதவி இதுவே.

இடநெருக்கடி உண்மையானது என்பதையும் நான் மறுக்கவில்லை. கழிக்கக்கூடியவை உண்டு: ஒரே படத்தின் இரண்டாம் மூன்றாம் அச்சுகள், ஆடிப்போய் எதுவும் தெரியாத படங்கள், காலாவதியான ரசீதுகள், யாருக்கும் அடையாளம் தெரியாத காட்சிப்படங்கள். ஸ்கேன் செய்து, அதைத் திறந்து பார்த்து, மூன்று படிகளும் அமைந்தபின் அவற்றை விடலாம். பத்திரங்கள், அப்பாவின் கடிதங்கள், பின்புறம் எழுத்துள்ள படங்கள், எல்லா நெகட்டிவ்கள் இவற்றை விடக்கூடாது. நெகட்டிவை இப்போது ஸ்கேன் செய்ய வசதி இல்லையென்றால் எடுக்காமலேயே வைத்திருங்கள். அச்சுப்படியைவிட அதில்தான் விவரம் அதிகம். ஒட்டுநாடா, ரப்பர் வளையம், துருப்பிடிக்கும் கிளிப் எல்லாவற்றையும் கழற்றி, அமிலமற்ற காகித உறைகளில் இட்டு, ஈரமும் மாறிமாறி வெப்பமும் தாக்காத உள்ளறை அலமாரியில் வைத்தால் போதும். மொட்டைமாடி அறையும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். புதுவீட்டில் அதற்கும் இடமில்லை என்றால் உடன்பிறந்தவர்கள் பிரித்துக்கொள்ளுங்கள்: மூலங்கள் யாரிடம் எவை என்று ஒரு பட்டியல், ஸ்கேன் கோப்புகளின் முழுத் தொகுப்பு ஒவ்வொருவரிடமும்.